‘அந்த வார்த்தையை எழுதணும், தாயி!’

சாதிக் கொடுமைக்கு மனு கொடுக்க ஊரெல்லாம் வாசல் இருக்கிறது. கொடுத்த மனுவுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணி. தென்மாவட்டம் ஒன்றின் கலெக்டர் அலுவலக வாசல். மனு கொடுக்க வருகிறவர்களின் பைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது போலீஸ். ஒரு பெண் காவலர் தண்ணீர் பாட்டில்களின் மூடியைத் திருகி முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததற்குப் பிறகு கெடுபிடி கூடியது. மனுவோடு மண்ணெண்ணெயும் வரலாம் என்பதை அரசாங்கம் புரிந்துகொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் ஏன் வருகிறது என்பதுதான் இன்னும் புரியவில்லைபோல.

வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு மனு எழுதுகிறார் ஒரு பெரியவர். எதிரே ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும், சித்தாள் வேலை பார்க்கிறவர். பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் மகன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அவருடைய குடத்தை ஒருவர் எட்டி உதைத்திருக்கிறார். சாதியைச் சொல்லித் திட்டியும் இருக்கிறார்.

“என்ன சொல்லித் திட்டுனாரு?” என்று கேட்டார் பெரியவர்.

“சாதியச் சொல்லித்தாங்கய்யா.”

“சாதியச் சொல்லின்னு எழுதுனா நிக்காது. அந்த வார்த்தைய எழுதணும், தாயி.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனிடம் இருபது ரூபாயைக் கொடுத்து, “தம்பி, அய்யாவுக்கு டீ வாங்கிட்டு வா” என்றார். பையன் சாலையைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் மேசைமேல் குனிந்து அந்த வார்த்தையைச் சொன்னார். பெரியவர் நிமிராமல் எழுதினார். திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

சுற்றிச் சுற்றி அதே வாசல்

அந்த அம்மாவின் மஞ்சப்பைக்குள் ஏற்கெனவே இரண்டு தாள்கள் இருந்தன. முதலில் அவர் போனது ஊருக்குப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு. “விசாரிக்கிறோம், போம்மா” என்று அனுப்பிவிட்டார்கள், ரசீது கிடையாது. அடுத்து திங்கட்கிழமை மனு. அதற்கு ஒரு சீட்டு, சீட்டில் ஒரு எண். மூன்றாவது சென்னைக்குப் போன மனு. அதற்கும் ஓர் எண். இரண்டுக்கும் சில வாரங்களில் பதில் வந்தது: தங்கள் மனு நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட காவல் ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது. அந்த ஆய்வாளர் உட்கார்ந்திருப்பது, முதல் நாள் “போம்மா” என்ற அதே நிலையத்தில்.

‘புகார் கொடுக்க இடமே இல்லையே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காவல் நிலையம், டி.எஸ்.பி. அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், போலீஸிலேயே சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு, மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம், கலெக்டர் தலைமையிலான கண்காணிப்புக் குழு, மாநில மனித உரிமை ஆணையம், 2021-ல் சட்டம் இயற்றி அமைத்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம், தேசிய ஆணையங்கள், முதல்வரின் முகவரி, 1100, 14566... எண்ணி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். குறை வாசல்களின் எண்ணிக்கையில் இல்லை. எந்த வாசலில் தட்டினாலும் மனு கீழே இறங்கி அதே நிலையத்து ‘ரைட்டர்’ மேசைக்கே வந்து சேர்கிறது. ஆகவே எந்த வாசல் எதற்கு என்று பிரித்துச் சொல்ல முதலிலேயே ஓர் ஆள் வேண்டும். அதைத்தான் உதவி என்று சொல்ல வேண்டும்.

பெட்டிச் செய்தி: எந்த வாசல், எதற்கு?

*14566:* எஸ்.சி., எஸ்.டி. மக்கள்மீதான வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண். 2021 டிசம்பரில் தொடங்கியது. இலவச அழைப்பு.

*15100:* இலவச சட்ட உதவி. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தாலுகா அளவில் குழுக்கள் உண்டு. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. ‘வருமானச் சான்று கொண்டுவா’ என்று யாராவது கேட்டால் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவைக் காட்டலாம்.

*மாநில மனித உரிமை ஆணையம்:* அரசு ஊழியர் செய்த மீறலையும் அலட்சியத்தையும் விசாரிக்கும் இடம். குடத்தை உதைத்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, புகாரை வாங்க மறுத்த அதிகாரியைப் பற்றிச் சொல்லவே பொருத்தம். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும்.

*தேசிய எஸ்.சி. ஆணையம்:* அரசியல் சட்டத்தின் 338-வது பிரிவில் பிறந்தது. விசாரணையின்போது ஒரு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் இதற்கு உண்டு. அதிகாரிகளை அழைத்து நிற்கவைக்கலாம். பதவி உயர்வு, இடஒதுக்கீடு போன்ற பணி சார்ந்த புகார்களும் இங்கே போகும்.

ரைட்டர் மேசை

காவல் நிலையங்களிலும் டீக்கடைகளிலும் இதற்கு ஒரே பெயர்தான்: ‘பி.சி.ஆர். கேஸ்’. பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்கு 1976-ல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.சி.ஆர். அந்தச் சட்டத்தில் பெரும்பாலான குற்றங்களுக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, நூறு முதல் ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். ஐந்நூறு ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல குடம் இரண்டு வாங்கலாம். அது போதாது என்றுதான் 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கும் வந்தது. இன்று பதிவாகும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்தப் புதிய சட்டத்தின்கீழ்தான். ஆனாலும் மக்கள் நாக்கில் பழைய பெயரே தங்கிவிட்டது. “பி.சி.ஆர். போட்டுடுவேன்” என்பது ஒரு பக்கத்தில் நம்பிக்கை; இன்னொரு பக்கத்தில், “பி.சி.ஆர். போட்டு மிரட்டுறாங்க” என்பது குற்றச்சாட்டு.

இந்தக் குற்றச்சாட்டு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2018 மார்ச் 20-ல் வந்த தீர்ப்பு, வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. ஏப்ரல் 2-ல் நாடு முழுக்க பந்த். அதே ஆண்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்துப் பழைய நிலையை மீட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்றைய நிலவரப்படி, புகாரில் குற்றம் இருப்பதாகத் தெரிந்தால் ‘விசாரித்துவிட்டுப் பதிகிறேன்’ என்று இழுக்க இடமில்லை. பொதுவாகவே, கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே தீர வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது.

சட்டம் அப்படி. ரைட்டர் மேசையில் நடப்பதோ வேறு. அங்கே கிடைப்பது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. பலரும் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்தது என்று பொருள். வழக்கு பதிந்தாயிற்று என்று பொருளல்ல. குற்ற எண் இருந்தால்தான் வழக்கு. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதைச் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகாது.

நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 5-வது விதியும், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. அதுவும் நகரவில்லையென்றால் நீதிமன்ற நடுவரிடம் போகலாம். தபால் ஒப்புகை அட்டையைத் தொலைத்துவிடக் கூடாது. வழக்கு பதிந்த பிறகு விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர். இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ விசாரித்தால் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கையே உடைக்கப் பார்க்கும். குற்றப்பத்திரிகைக்கு 60 நாள் கெடு. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு, அவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது 4-வது பிரிவு. ஆனால் அந்தப் பிரிவைப் பயன்படுத்தத் துறை விசாரணையின் பரிந்துரை வேண்டும். அதாவது பூனைக்கு மணி கட்டுவதா என்று பூனைகள் கூடி முடிவு செய்யும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022-ல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்று நாடு முழுக்கப் பதிவானவை 57,582. அத்தனையும் ஏதோ ஒரு ரைட்டர் மேசையைத் தாண்டி வந்தவை. தாண்டாதவற்றுக்கு எந்தக் காப்பகமும் இல்லை.

நாலு பேர் முன்னாலயா, நாலு சுவருக்குள்ளயா?

வேப்பமரத்துப் பெரியவரிடம் வருவோம். அந்த வார்த்தை, நடந்த இடம், நேரம் எல்லாவற்றையும் எழுதிவிட்டு அவர் கேட்ட அடுத்த கேள்வி: “பக்கத்துல யாரெல்லாம் நின்னாங்க?” அனுபவம் கேட்க வைத்த கேள்வி அது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றமாக வேண்டுமானால் அது ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாலு சுவருக்குள் சாட்சியில்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-ல் உத்தராகண்ட் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி 31-ல் நம் திருச்சி மாவட்ட வழக்கொன்றிலும் இதே கதைதான். வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை அவருடைய அலுவலக அறையிலேயே சாதியைச் சொல்லித் திட்டியதாக வழக்கு. திட்டியபோது அந்த அறையில் வெளியாட்கள் இல்லை, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று புகாரிலிருந்தே தெரிகிறது என்று சொல்லி வழக்கை ரத்து செய்துவிட்டது உச்ச நீதிமன்றம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அலுவலகங்களில் சாதி பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுகிறது. ஆனால் என் உடன்பாட்டைக் கேட்டு எந்த நீதிமன்றமும் நடப்பதில்லை. ஆகவே புகாரின் முதல் தாளிலேயே, யார் யார் பார்த்தார்கள், எவ்வளவு தூரத்தில் நின்றார்கள், அது பொதுக் குழாயா, தனியார் வீட்டு முற்றமா என்பதெல்லாம் வந்துவிட வேண்டும். பிறகு சேர்த்தால், ‘யோசித்துச் சேர்த்தது’ என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். அவமானப்பட்ட மறுநாள் காலையில், அந்தப் பதற்றத்தில் யாருக்கு இதெல்லாம் தோன்றும்? நூறு ரூபாய்க்கு மனு எழுதித் தரும் பெரியவருக்குத் தோன்றியது, பல நிலையங்களில் சீருடை போட்டவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அடிதடி என்றால் இன்னொரு தாளும் உண்டு. அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் எழுதும் ஏ.ஆர். பதிவு. ‘தெரிந்த மூன்று பேர் கட்டையால் தாக்கியதாகக் கூறுகிறார்’ என்று அதில் இருந்தால் ஒரு கதை. ‘தவறி விழுந்ததாகக் கூறுகிறார்’ என்று இருந்தால் வேறு கதை. கூட வருகிற ஊர்ப் பெரிய மனிதர் டாக்டரிடம் என்ன சொல்கிறார் என்று கவனிக்க, அடிபட்டவர் பக்கம் ஓர் ஆள் வேண்டும்.

புகாருக்குப் பின்: பாஞ்சாகுளம் சொல்வது

புகார் கொடுப்பது வரைக்கும் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அதற்கு அடுத்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த நாளைப் பார்க்க வேண்டுமானால் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்துக்குப் போக வேண்டும்.

2022 செப்டம்பரில் ஒரு காணொளி தமிழ்நாட்டையே உலுக்கியது. மிட்டாய் வாங்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம், உங்கள் தெருவுக்கு இனிமேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு வந்திருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்கிறது ஒரு குழந்தை. அந்தக் கடைக்காரரே எடுத்துப் பரப்பியதாகச் சொல்லப்பட்ட காணொளி அது. குற்றம் செய்கிறோம் என்ற நினைப்பே இருக்கவில்லை.

மிட்டாய்க்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருந்தது. 2020-ல் இரு தரப்புக்கும் தகராறு, வழக்குகளும் பதிவாயின. மாற்றுத் தரப்பு இளைஞர் ஒருவர் ராணுவத்தில் சேர அந்த வழக்கு குறுக்கே நின்றதாகவும், அதை வாபஸ் வாங்கச் சொல்லியும் தலித் மக்கள் மறுத்ததால்தான் ஊர்க் கூட்டம் இந்த முடிவை எடுத்தது என்றும் அப்போது செய்திகள் வந்தன. புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்க மாட்டேன் என்றதற்கான விலையை, ரெண்டு ரூபாய் மிட்டாய்க்குக் கை நீட்டிய பிள்ளைகள் கட்டினார்கள்.

இங்கே நிர்வாகம் சட்டென்று எழுந்தது. கடைக்கு சீல், கடைக்காரர் கைது. அதோடு நிற்காமல், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10-வது பிரிவை போலீஸ் எழுப்பியது. மறுபடி குற்றம் செய்யக்கூடியவர் என்று கருதப்படுகிறவரை அந்தப் பகுதியை விட்டே வெளியேற்றச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் பிரிவு அது. நெல்லையில் உள்ள சிறப்பு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவிட்டது. ஊர்விலக்கம் செய்தவர்களையே ஊரைவிட்டு விலக்கிவைத்தது சட்டம். அதற்குமுன் தமிழ்நாட்டில் அந்தப் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்ட வக்கீல்களே அபூர்வம்.

எல்லா ஊருக்கும் காணொளி வாய்ப்பதில்லை. வழக்கமான பாதை இப்படிப் போகும்: புகார் கொடுத்த அன்று மாலையே எதிர்த்தரப்பும் ஒரு புகார் கொடுக்கும். ‘என்னைத் தாக்கிச் சங்கிலியைப் பறித்தான்’ என்று. இரண்டுக்கும் அடுத்தடுத்த குற்ற எண்கள் விழும். பிறகு இரு தரப்பையும் உட்காரவைத்து, “ரெண்டு பேர் மேலயும் கேஸ் இருக்கு, பேசி முடிச்சுக்கங்க” என்பார்கள். இதற்கு ‘ராஜி’ என்று பெயர். காட்டு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்; கடனுக்குச் சாமான் தர மாட்டார்கள்; படிக்கிற பையன்மேல் வழக்கு இருந்தால் நாளை போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ சரிபார்ப்பு வரும்போது அது வந்து நிற்கும். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் 2015 திருத்தத்துக்குப் பிறகு தனிக் குற்றமே. ஆனால் ‘நாளைக்கு வேலைக்கு வராதே’ என்று எழுதியா கொடுப்பார்கள்?

இந்தத் திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு மட்டும் பரவலாகத் தெரிந்திருந்தால் பாதி ராஜிகள் நடக்காது. குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பு கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அறிவிப்பு கட்டாயம் என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது. நீதிமன்றத்துக்கு வந்துபோகச் செலவு, பாதுகாப்பு, விசாரணையைக் காணொளியாகப் பதிவு செய்வது என்று அந்தப் பிரிவு நீள்கிறது. அரசு வக்கீல்மேல் நம்பிக்கையில்லை என்றால், நமக்கு வேண்டிய மூத்த வழக்கறிஞரைச் சிறப்பு வக்கீலாக நியமிக்கும்படி கலெக்டரிடம் கேட்க விதி 4 இடம் தருகிறது. தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொலை வழக்கில் அவருடைய தாய் விடாமல் போராடித்தான் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது, சிறப்பு அரசு வக்கீலாக ப.பா.மோகன் வந்தார். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்ததில் அந்த இரண்டு மாற்றங்களுக்கும் பெரும் பங்குண்டு.

பெட்டிச் செய்தி: தீருதவி

வன்கொடுமை வழக்கில் அரசு தரும் நிவாரணத்துக்குத் ‘தீருதவி’ என்று பெயர். கருணைத் தொகை அல்ல, உரிமை. தமிழ்நாட்டில் 2021-ல் இது குறைந்தபட்சம் 85,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாகவும், அதிகபட்சம் 8.25 லட்சத்திலிருந்து 12 லட்சமாகவும் உயர்ந்தது. சாதி சொல்லி இழிவு செய்த வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை போனதும் 50 சதவீதம், தண்டனை உறுதியானால் மீதி. வழக்கு தோற்றாலும் முதல் இரண்டு தவணைகளுக்கும் தீர்ப்புக்கும் சம்பந்தமில்லை. ‘காசுக்காகத்தான் கேஸ் போடுறாங்க’ என்று பேசுகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுப்பதில்லை: இருபத்தையாயிரம் ரூபாய்க்கு ஊரையே பகைத்துக்கொள்கிறவர் யார்?

கூட நின்றவர்கள்

தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல் சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை என 269 பேர் அந்த மலையடிவாரக் கிராமத்தில் இறங்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன. புகாரை எங்கே கொடுப்பது? குற்றம் செய்தவர்களே போலீஸ். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. அரசு மறுத்துக்கொண்டிருந்தபோது தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் போய்ப் பார்த்துக் கொடுத்த அறிக்கை வழக்குக்கு உயிர் கொடுத்தது. 1995-ல் சி.பி.ஐ. விசாரணை. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். 2023-ல் அதே செப்டம்பர் 29-ல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள். அத்தனை ஆண்டும் தேதி மாறும்போதெல்லாம் அந்தப் பெண்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போக ஆட்கள் இருந்தார்கள் என்பதைத் தீர்ப்பில் தேடினால் கிடைக்காது.

விழுப்புரம் பக்கத்தில் பேராசிரியர் கல்யாணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், மதுரையில் எவிடென்ஸ், மக்கள் கண்காணிப்பகம், மாநிலம் தழுவிய தீண்டாமை ஒழிப்பு முன்னணி என்று இப்படிக் கூட நிற்கும் அமைப்புகள் சில உண்டு. ஆனால் அவை எல்லாத் தாலுகாவிலும் இல்லை. எல்லா மாவட்டத்திலும் கட்டாயம் இருக்க வேண்டியது, விதி 17 சொல்லும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு. கலெக்டர் தலைமை, எம்.பி., எம்.எல்.ஏ., எஸ்.பி.யோடு எஸ்.சி., எஸ்.டி. பிரிவைச் சேர்ந்த வெளியாட்களும், தன்னார்வ அமைப்பினரும் உறுப்பினர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடி, எந்த வழக்கு எங்கே நிற்கிறது, தீருதவி ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்து உறுப்பினர்கள் யார் என்று கேட்டுப்பாருங்கள், உறுப்பினர்களுக்கே சமயத்தில் தெரியாது. பெயர்ப் பட்டியல் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இருக்கும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் கைபேசி எண்ணோடு எழுதிவைத்தால் அரசுக்குச் செலவு ஒரு டப்பா பெயின்ட்.

புகாரே வராத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் அந்த ஊர்த் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்து கலெக்டரும் எஸ்.பி.யும் போனார்கள். போன இடத்தில்தான், அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாததும் வெளியே வந்தது. கலெக்டர் அப்போதே மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். டீக்கடைக் குவளைகள் முந்தின நாள் முளைத்தவையா? தொட்டியில் மலம் மிதந்த பிறகே குவளை கண்ணில் பட்டது. அந்த வழக்கும் நேராகப் போகவில்லை. சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊரார் அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. வேண்டும் என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால் வன்கொடுமைச் சட்டம் விலகி, வழக்கு சிறப்பு நீதிமன்றத்திலிருந்து வேறு நீதிமன்றத்துக்குப் போனது.

சட்டத்தின் வேலி இதேபோல் இன்னொரு இடத்திலும் குத்துகிறது. கிறிஸ்தவரான தலித்தைச் சாதி சொல்லித் திட்டினாலும் வன்கொடுமைச் சட்டம் வராது. சான்றிதழில் அவர் பிற்படுத்தப்பட்டவர். திட்டியவருக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. அவர் தாத்தா காலத்துச் சாதியைத்தான் திட்டுகிறார். இந்த மாதிரி வழக்குகளில் சாதாரணக் குற்றப் பிரிவுகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். புகார் எழுதும்போதே இது தெரியாவிட்டால், எதிர்த்தரப்பு சாதிச் சான்றிதழைக் கேட்கிற நாளில் எல்லாம் சரிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: சாதி மட்டுமல்ல

*மாற்றுத்திறனாளிகள்:* 2016 சட்டத்தின் 92-வது பிரிவின்படி, பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவு செய்வதும் மிரட்டுவதும் குற்றம். மாநில ஆணையரிடமும் முறையிடலாம்.

*திருநர்:* கல்வி, வேலை, வாடகை வீடு, மருத்துவம் ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடை செய்கிறது 2019 சட்டம்.

*எச்.ஐ.வி. உள்ளோர்:* வேலையிலிருந்து நீக்குவது, சிகிச்சை மறுப்பது இரண்டும் 2017 சட்டப்படி தவறு.

*பெண்கள்:* 181.

எண் விழுந்தது

வேப்பமரத்தடியில் எழுதிய அந்த மனு, இந்த முறை கலெக்டரிடம் மட்டும் போகவில்லை. பெரியவர் மூன்று படி எடுக்கச் சொல்லி, ஒன்றை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் போடவைத்தார். இன்னொன்றோடு அந்த அம்மாவை நீதிமன்ற வளாகத்துச் சட்ட உதவி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு இளம் பெண் வக்கீல் கிடைத்தார். மூன்று வாரம் கழித்து நான் அந்த ஊருக்குப் போனபோது குற்ற எண் விழுந்திருந்தது. டி.எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, சாதிச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். குடத்தை உதைத்தவர் இன்னும் கைதாகவில்லை. குழாயடிக்கு அந்த அம்மா இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கே போய்விடுகிறார்.

எஃப்.ஐ.ஆர். நகல் வீட்டில் அலமாரியில் துணிகளுக்கடியில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பையன் தேதி, இடம், பெயர்கள் என்று சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தான். ஓர் இடத்தில் நின்றான். தாளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“படிடா” என்றார் அவர். “சரியா எழுதியிருக்காங்களான்னு பாக்கணும்ல.”